ஒப்பாரிப் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்

சாகப்போகும் ஹார்ட் டிஸ்க் முதலில் மெதுவாகும். 2012இல் மதுரையில் ஒரு வீட்டுக் கணினியில் அது தொடங்கியதும் அப்படித்தான். ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே இருக்கும் பெயர்கள் வந்து சேர அரை நிமிடம் பிடித்தது. ஒரு குறிப்பிட்ட பாட்டு, எப்போது ஓடவிட்டாலும், ஒரே இடத்தில் நின்றது. பெட்டி முகப்பிலிருந்த சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போலப் பாட்டு தொடர்ந்தது. கணினியில் இருந்தது உபுண்டு 10.04. வட்டு 500 ஜிபி, மூன்றரை அங்குலம், நிமிடத்துக்கு 7,200 சுற்று, 2009இல் வாங்கியது. ஊர் ஊராகப் போய்க் கேசட்டில் பிடித்த ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டுகளை டிஜிட்டலாக மாற்றிய கோப்புகள் அதில் கிடந்தன. கேசட்டுகளில் பல பூஞ்சை பிடித்து ஏற்கெனவே குப்பைக்குப் போய்விட்டன. பேக்கப் என்று சொல்ல இருந்தவை சில டிவிடிகள், அவையும் பழைய கோப்புகளுக்கு மட்டும்.

அந்த அரை நிமிடத்துக்குக் காரணம் உண்டு. வட்டின் ஒவ்வொரு செக்டரிலும் 512 பைட் தகவலோடு, அதைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளும் குறியீடும் எழுதப்பட்டிருக்கும். படித்தது குறியீட்டோடு பொருந்தாவிட்டால் வட்டு உடனே கைவிரிக்காது. அடுத்த சுற்றில் மறுபடி படிக்கும். தலையை மயிரிழை நகர்த்திப் பார்க்கும். மறுபடியும் படிக்கும். வீட்டுக் கணினிகளுக்கென்று விற்கும் வட்டுகள் இந்த முயற்சியை ஒரு நிமிடத்துக்கு மேலும் நீட்டக்கூடியவை. லினக்ஸ் கெர்னலின் பொறுமையோ வழக்கமாக 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கெர்னல் அந்தக் கட்டளையைக் கைவிட்டு, வட்டுடனான இணைப்பையே அறுத்து மறுபடி ஏற்படுத்தும். வட்டு ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருக்க, கெர்னல் அதைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்க, இரண்டுக்கும் நடுவில் திரை உறைந்து நிற்கும்.

லினக்ஸில் இந்த இழுபறி முழுவதும் எழுத்தில் பதிவாகிவிடும் என்பது ஒரு வசதி. டெர்மினலில் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்தால் கெர்னலின் புலம்பல் வரிசையாக வரும்: படிக்கும் கட்டளை தோற்றது, திருத்த முடியாத பிழை, இணைப்பு மீட்டமைக்கப்படுகிறது, எஸ்டிஏ வட்டில் இன்ன எண் செக்டரில் உள்ளீட்டுப் பிழை. மதுரைக் கணினியில் இந்த நான்கு வரிகளும் திரும்பத் திரும்ப வந்தன. செக்டர் எண்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன. பிழை வட்டு முழுக்கச் சிதறாமல் ஒரே இடத்தில் குவிந்திருந்தால், அங்கே மேற்பரப்பு கெட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டொரு நாளில் கணினி உள்நுழைவுத் திரையைத் தாண்ட மறுத்தது. கடவுச்சொல் சரி. திரை ஒருமுறை கருத்து, மறுபடி அதே கேள்வியோடு வந்து நின்றது. இதுவும் பழுதின் பின்விளைவுதான். கோப்பு முறையின் முக்கியப் பகுதியில் பிழை கண்டால், உபுண்டு தன் மூலப் பிரிவைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடும். எழுத முடியாத வட்டில் டெஸ்க்டாப் தனக்கு வேண்டிய சின்னச் சின்னக் கோப்புகளை வைக்க முடியாது; அதனால் உள்ளே போனவரை வெளியே தள்ளிவிடும். எரிச்சலான நடத்தைதான், ஆனால் தகவலைக் காப்பாற்றுவது அதுவே. எழுதிக்கொண்டே போயிருந்தால் சேதம் இன்னும் பரவியிருக்கும்.

வட்டு தன்னைப் பற்றித் தானே வைத்துக்கொள்ளும் கணக்குக்கு ஸ்மார்ட் என்று பெயர். லினக்ஸில் அதைப் படித்துக் காட்டுவது ஸ்மார்ட்மான்டூல்ஸ். அதை 2002இல் தொடங்கிய புரூஸ் ஆலன் ஓர் இயற்பியலாளர். ஈர்ப்பு அலைகளைத் தேட நூற்றுக்கணக்கான வட்டுகள் கொண்ட கணினித் தொகுதியை நடத்தியவருக்கு, எந்த வட்டு எப்போது போகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது. மைக்கேல் கார்ன்வெல் எழுதியிருந்த பழைய நிரலை எடுத்து வளர்த்தார். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை தரும் பட்டியல் நீளமானது. முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். நாலு வரிகளைப் பார்த்தால் போதும்: 5ஆம் எண், கெட்டு ஒதுக்கப்பட்டு மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை, 198, வட்டு தானே சோதித்துக் கைவிட்டவை, 199, கேபிளில் ஏற்பட்ட பிழை. கடைசி எண் மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றினால் வேலை முடிந்தது. பலர் நல்ல வட்டைத் தூக்கிப் போடுவது இந்த ஒரு வரியைப் பார்க்காததால்தான். மதுரை வட்டில் 199 சுழி. 197இல் ஐம்பதை ஒட்டிய எண். 5ஆம் வரியிலும் கொஞ்சம்.

அந்தப் பட்டியலுக்கு மேலேயே, வட்டின் உடல்நலச் சோதனை தேறியது என்று அதே கட்டளை அறிவித்தது. இந்தத் தேர்ச்சியை நம்பக் கூடாது. ஒவ்வொரு வரியின் மதிப்பும் தயாரிப்பாளர் வைத்த எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் வட்டு தோல்வியை ஒப்புக்கொள்ளும். 197ஆம் வரிக்குப் பெரும்பாலும் எல்லையே சுழியாக இருக்கும். அதனால் அந்த வரி ஒருபோதும் தோற்காது. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இங்கே உதவும். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட வட்டு அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையற்ற வட்டைவிட 39 மடங்கு. செத்த வட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வெப்பநிலையைத் தவிர்த்தால், எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போயிருந்தன என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஆக, ஸ்மார்ட் கெட்டது என்றால் நம்பலாம், நல்லது என்றால் நம்ப வேண்டியதில்லை.

கணினி முதலில் போனது தெருமுனை சர்வீஸ் கடைக்கு. “ஃபார்மேட் போட்டு ஏத்திட்டா சரியாயிடும் சார்” என்றார் கடைக்காரர். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமே என்று கேட்டதற்கு, “அதுக்கு ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கு சார்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஃபார்மேட் போட்டால் பல நேரம் வட்டு கொஞ்ச நாளைக்கு ஓடத்தான் செய்யும். ஆனால் அந்த வைத்தியம் வட்டுக்கு, அதில் இருக்கும் பாட்டுக்கு இல்லை. லினக்ஸ்காரர்கள் செய்யும் தவறும் இதே வகைதான்: எஃப்எஸ்சிகே ஓட்டுவது. அது கோப்பு முறையின் கட்டமைப்பைச் சீராக்கும் கருவி. கீழே இருக்கும் வட்டு நல்லது என்ற நம்பிக்கையில் இயங்குவது. ஒரு ஃபோல்டரின் பட்டியல் இருந்த செக்டரைப் படிக்க முடியாவிட்டால், அந்த ஃபோல்டரே இல்லை என்று முடிவுகட்டி, உள்ளிருந்த கோப்புகளைப் பெயரில்லாமல் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் கொட்டிவிடும். அதையும் அந்த நோயாளி வட்டிலேயே எழுதும். நீண்ட சுயபரிசோதனையும் இந்த நேரத்தில் வேண்டாத வேலை. மேற்பரப்பு முழுவதையும் ஒருமுறை படித்து, ஒரு பைட்டைக்கூடக் காப்பாற்றாமல் முடிப்பது அது. சாகும் வட்டில் மிச்சமிருப்பது இத்தனை மணி நேர ஓட்டம் மட்டுமே. அதை எதில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. முதலில் பிரதி, மற்றதெல்லாம் பிரதியின் மேல்.

பிரதி எடுக்க இன்னொரு வட்டு வேண்டும். 2012 அதற்கு நல்ல வருடம் இல்லை. முந்தைய ஆண்டின் கடைசியில் தாய்லாந்தில் வந்த வெள்ளம் அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் ஆலைகளை மூழ்கடித்திருந்தது. உலகம் முழுக்க விலை ஏறி, இறங்க மனமில்லாமல் நின்றது. ஒரு டிபி வட்டுக்குக் கடையில் சொன்ன விலையைக் கேட்டு வீட்டில் ஒரு விவாதமே நடந்தது.

அடுத்து, கணினியை எதிலிருந்து கிளப்புவது? கெட்ட வட்டிலிருந்து கிளப்பக் கூடாது. உபுண்டுவின் லைவ் சிடியிலிருந்து கிளப்பியபோது ஒரு சிக்கல் கண்ணில் பட்டது. வட்டில் ஸ்வாப் பிரிவு இருந்தால் லைவ் சிடி அதைக் கேட்காமலே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். நினைவகம் குறைந்த கணினியில், காப்பாற்ற வந்த வட்டின் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். அதை அணைத்த பிறகே மேலே போக முடிந்தது. கோப்பு மேலாளரில் பிரிவுகளின் படத்தைச் சொடுக்கிப் பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். சொடுக்கினால் அது மவுண்ட் ஆகும், ஜர்னல் ஓடும், வட்டில் எழுதும். கெட்ட வட்டு மதர்போர்டின் சாட்டா முனையிலேயே நேராக இருக்க வேண்டும். யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் நடுவிலிருக்கும் சில்லு பிழைச் செய்திகளை ஒழுங்காகக் கடத்தாது. ஒரு கெட்ட செக்டருக்கே வட்டு முழுவதும் காணாமல் போய்விடும்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் இடம் மாறக்கூடியவை. மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால், புதிய வட்டின் வெறுமை பழைய வட்டின் மேல் நகலெடுக்கப்படும். பெட்டியைத் திறந்து, வட்டின் ஒட்டுத்தாளில் இருந்த வரிசை எண்ணைத் தாளில் எழுதி, ஸ்மார்ட்சிடிஎல் காட்டிய எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்ட பிறகே கட்டளை தட்டப்பட்டது. இதை மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்கள் இன்னும் ஒரு வட்டையும் தொலைக்காதவர்கள்.

நகலெடுக்க லினக்ஸில் பழங்காலத்திலிருந்தே டிடி இருக்கிறது. பிழை வந்தால் நின்றுவிடும் அது. நிற்காதே என்று சொன்னாலும், வரிசையாகப் படித்துக்கொண்டே போய் முதல் கெட்ட இடத்தில் மணிக்கணக்கில் தலையை முட்டும். அதற்குள் வட்டு செத்துப்போனால், அதைத் தாண்டியிருந்த நல்ல பகுதி முழுவதும் வீண். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனூ டிடிரெஸ்க்யூ வேலை செய்வது தெரிந்த கேள்விகளுக்கு முதலில் விடையெழுதிவிட்டு மற்றதைக் கடைசிக்கு வைக்கும் மாணவனைப் போல. முதல் ஓட்டத்தில் சுலபமாக வருவதைப் பெரிய பெரிய துண்டுகளாக அள்ளும். பிழை வந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிக் குதிக்கும். எல்லாம் அள்ளிய பிறகு, விட்ட இடங்களின் ஓரங்களைச் செதுக்கும். அதற்கும் பிறகுதான் உள்ளே செக்டர் செக்டராகச் சுரண்டும். டெபியன், உபுண்டுவில் இதை நிறுவுகிறவர்கள் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் தேட வேண்டும். குர்ட் கார்லாஃப் எழுதிய, ஏறக்குறைய இதே பெயருள்ள வேறொரு நிரலும் உண்டு என்பதால் வந்த குழப்பம் இது.

எங்கே அள்ளியது, எங்கே விட்டது என்பதை டிடிரெஸ்க்யூ ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். அன்று அதற்கு லாக் ஃபைல் என்று பெயர். பிறகு மேப் ஃபைல் ஆனது. வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் ஒரு தொடக்க இடம், ஒரு நீளம், ஒரு குறி. கூட்டல் குறி வந்தால் கிடைத்தது, கழித்தல் குறி வந்தால் கெட்டது, கேள்விக்குறி வந்தால் இன்னும் தொடவில்லை. 2012இன் மதுரையில் இந்தக் கோப்பின் அருமை வேறெங்கும்விட நன்றாகப் புரிந்தது. சென்னைக்கு வெளியே கரண்ட் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இல்லாத காலம் அது. யுபிஎஸ் பேட்டரி சில நிமிடத்துக்கே தாங்கும். நல்ல நிலையிலுள்ள 500 ஜிபி வட்டைப் படிக்கவே ஒன்றே முக்கால் மணி நேரம் போல ஆகும். நோயாளி வட்டுக்கு நாட்கள். கரண்ட் போய் வந்தபின் அதே கட்டளையை அதே கோப்போடு கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். அந்தக் கோப்பைப் புதிய வட்டில் வைக்க வேண்டும். லைவ் சிடியின் ஃபோல்டரில் வைத்தால் அது நினைவகத்தில் இருப்பது. கரண்டோடு சேர்ந்து போய்விடும்.

கரண்ட் போகும்போது வட்டுக்கு என்ன ஆகிறது என்பதும் சொல்ல வேண்டியது. சுழலும் தட்டுகளின் வேகத்திலிருந்தே வட்டு கொஞ்சம் மின்சாரம் எடுத்து, அதைக்கொண்டு தலைகளை ஓரத்துக்கு இழுத்து நிறுத்திக்கொள்கிறது. அழகான ஏற்பாடு, ஆனால் அவசர ஏற்பாடு. நலிந்த வட்டுக்கு நிற்பதும் மறுபடி சுழலத் தொடங்குவதும் ஆபத்தான கட்டங்கள். அதனால் கரண்ட் வந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் பயன்படுத்துவது என்ற முதல் திட்டம் கைவிடப்பட்டது. இரவில் கொஞ்சம் நீளமாகக் கிடைக்கும் நேரங்களில் மட்டும் ஓட்டினார்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஒரு மேசை விசிறியை வட்டுக்கு நேரே வைத்தார்கள்.

முதல் ஓட்டத்தில் திரையில் வேகம் 90 எம்பியில் தொடங்கியது. போகப் போகக் குறைந்தது. அது பழுதல்ல. வட்டின் எண்வரிசை வெளிவிளிம்பில் தொடங்கி உள்ளே போவது. உள்வட்டத்தில் ஒரு சுற்றுக்குத் தகவல் குறைவு. பழுதான பகுதி வந்தபோது வேகம் சுழியில் நின்றது, பிழைக் கணக்கு ஏறியது, நிரல் தாண்டிக் குதித்தது, மறுபடி வேகம் வந்தது. வட்டின் பெரும்பகுதி அந்த முதல் ஓட்டத்திலேயே கைக்கு வந்துவிட்டது. மிச்சமிருந்த கொஞ்சத்துக்குத்தான் நேரமெல்லாம் போனது. பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னபோது, முன்னால் வராத சில செக்டர்கள் வந்தன. கெர்னலின் இடைநினைவைத் தவிர்த்து நேராகப் படிக்கச் சொன்னபோது இன்னும் சில. கெர்னல் 4,096 பைட்டாகவே படிப்பதால், ஒரு கெட்ட செக்டருக்காக அதன் ஏழு நல்ல அண்டைகளும் சேர்ந்து தோற்றுக்கொண்டிருந்தன. கடைசியில் சில பத்துச் செக்டர்கள் எதற்கும் மசியவில்லை. அங்கே நிறுத்தப்பட்டது.

அந்த வட்டு கடைசிவரை ஒழுங்காகச் சுழன்றது. அதனால்தான் இதெல்லாம் வீட்டிலேயே முடிந்தது. டக், டக் என்று ஒரே சீராகத் தட்டும் வட்டு வேறு சாதி. அதன் தலையோ, தலையை நடத்தும் மின்சுற்றோ போயிருக்கும். அதில் எந்த நிரலையும் ஓட்டக் கூடாது. சுற்றச் சுற்றத் தலை மேற்பரப்பை உராய்ந்துகொண்டிருக்கலாம். கரண்டை எடுத்துவிட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குக் கொடுப்பதா, கைகழுவுவதா என்று முடிவெடுப்பதுதான் மிச்சம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு பழைய வைத்தியம் உலவுகிறது. வெளியே எடுத்ததும் தட்டுகளில் பனி படியும். தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான்.

படிமக் கோப்பு கிடைத்ததும் அதற்கு இன்னொரு பிரதி எடுத்து, முதலாவதைத் தொடாமல் வைத்தார்கள். இரண்டாவதன் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டியபோது அது சில கேள்விகள் கேட்டு, கொஞ்சம் திருத்தி, முடித்துக்கொண்டது. கோப்புகளின் பெயர்களும் ஃபோல்டர்களும் அப்படியே வந்தன. கோப்பு முறை சிதைந்திருந்தால் கிறிஸ்டோஃப் கிரெனியேயின் ஃபோட்டோரெக் போன்ற கருவிக்குப் போக வேண்டியிருக்கும். அது கோப்புகளின் உள்ளடக்கத்தைப் பார்த்து அடையாளம் கண்டு எடுக்கும். பெயர் ஒன்றும் மிஞ்சாது, எல்லாம் எண்களாக வரும். யார் பாடியது, எந்த ஊர் என்பதைக் கோப்புப் பெயரிலேயே வைத்திருந்த ஒரு சேகரிப்புக்கு அது பாதி இழப்பு.

இனி, வராத செக்டர்கள் எந்தக் கோப்பில் விழுந்தன? எக்ஸ்ட்4 கோப்பு முறையில் இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். கெட்ட செக்டர் 97656832 என்று வைத்துக்கொண்டால், பிரிவு தொடங்கும் 2048ஐக் கழித்து, ஒரு பிளாக்குக்கு எட்டுச் செக்டர் என்பதால் எட்டால் வகுக்க, 12206848 என்ற பிளாக் எண் வரும். டிபக்எஃப்எஸ் நிரலிடம் அந்த பிளாக்கைக் கொடுத்தால் ஐநோடு எண் தரும். ஐநோடைக் கொடுத்தால் கோப்பின் முழுப் பெயர் தரும். கூட்டல் கழித்தலில் களைத்தவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. இன்னொரு பிரதியில், வராத இடங்களை மட்டும் ஏதாவது ஒரு சொல்லால் நிரப்பும்படி டிடிரெஸ்க்யூவிடம் சொல்லி, பிறகு அந்தச் சொல் எந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று கிரெப் கொண்டு தேடலாம்.

பெரும்பாலான ஓட்டைகள் காலி இடத்திலும், மறுபடி நிறுவிக்கொள்ளக்கூடிய நிரல்களிலும் விழுந்திருந்தன. ஒரு புகைப்படம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகியிருந்தது. சுருக்கிக் கட்டிய ஒரு ஆவணம், ஓட்டைக்குப் பிறகு பிரியவே மறுத்தது. பாட்டுகளில் கெட்டவை மிகச் சில. அவை சுருக்கப்படாத வேவ் கோப்புகள், 90 நிமிடக் கேசட்டுக்கு 950 எம்பி என்று இடத்தை விழுங்குபவை. இதை எம்பி3 ஆக்கிவிடக் கூடாதா என்று வீட்டில் கேட்காதவர் இல்லை. அந்த ஊதாரித்தனமே இப்போது காப்பாற்றியது. வேவ் கோப்பில் ஒரு விநாடி 1,76,400 பைட். ஒரு செக்டர் போனால் போவது 3 மில்லிவிநாடிக்கும் குறைவு. அந்த இடத்தில் சுழிகள் இருப்பதால் ஒலியலை திடீரென்று அறுந்து, திடீரென்று தொடரும். காதுக்கு ஒரு ‘டிக்’.

ஒரு ஒப்பாரியின் நடுவில் அந்த டிக் கேட்டது. ஆடாசிட்டி நிரலில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மேடு பள்ளமாக வந்த கோடு ஓரிடத்தில் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. ஆடாசிட்டியில் ரிப்பேர் என்றொரு கட்டளை உண்டு. இரு பக்கத்து அலையையும் பார்த்து நடுவை ஊகித்து நிரப்பும். அதிகபட்சம் 128 மாதிரிகளைத்தான் ஏற்கும். ஸ்டீரியோவில் ஒரு மாதிரிக்கு 4 பைட் என்றால், 512 பைட் செக்டரில் இருப்பதும் சரியாக 128. இப்படிப் பொருந்த வேண்டும் என்று யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. தனித்தனியாகக் கெட்ட செக்டர்களை இது காதுக்குத் தெரியாமல் மூடியது. இரண்டு மூன்று செக்டர்கள் சேர்ந்து கெட்ட இடங்கள் டிக்கோடே விடப்பட்டன. பாடியவரின் குரலை ஊகித்து நிரப்புவதைவிட அது மேல்.

பழைய வட்டு முழுவதிலும் பிறகு சுழி எழுதிப் பார்த்தார்கள். படிக்க முடியாத செக்டரின் மேல் புதிதாக எழுதும்போதுதான் வட்டு அதன் விதியை முடிவு செய்யும். எழுதியது நின்றால் அப்படியே விடும். நிற்காவிட்டால் மாற்றிடம் கொடுக்கும். 197ஆம் வரி சுழிக்கு இறங்கியது, 5ஆம் வரி ஏறியது, நீண்ட பரிசோதனையும் தேறியது. சர்வீஸ் கடைக்காரர் பார்த்திருந்தால் சரியாகிவிட்டது என்றிருப்பார். சில வாரங்கள் சினிமா வைக்கும் வட்டாக அதை ஓட்டியபோது 197 மறுபடி தலைகாட்டியது. அதன்பின் அது கழற்றப்பட்டது. மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களில் பழைய தகவல் எழுத எட்டாமல் தங்கிவிடும் என்பதால், ரகசியம் வைத்திருப்பவர்கள் வட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். ஒப்பாரியில் ரகசியம் இல்லை.

புதிய வட்டில் ஸ்மார்ட்டி என்ற கண்காணிப்பு நிரல் இயக்கி வைக்கப்பட்டது. 197, 198 எண்கள் சுழியை விட்டு நகர்ந்தாலே அது அஞ்சல் அனுப்பும். ஆனால் அனுப்புவது அந்தக் கணினியின் ரூட் கணக்குக்கு. வீட்டுக் கணினியில் அந்த அஞ்சலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எச்சரிக்கை ஒரு கோப்பில் கிடந்து ஊறும். அமைப்புக் கோப்பில் வெளி மின்னஞ்சல் முகவரி ஒன்றையும், தொடங்கும்போதே சோதனை அஞ்சல் அனுப்பச் சொல்லும் விருப்பத்தையும் சேர்த்து, அஞ்சல் உண்மையாகவே வந்து சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மதுரையில் முதல் சோதனை அஞ்சல் வரவில்லை. வெளியே அஞ்சல் அனுப்பும் நிரலே கணினியில் நிறுவப்பட்டிருக்கவில்லை.